கழிப்பறை பிரஷும் எட்டாம் வகுப்பு அறிவியலும்

எட்டாம் வகுப்பில் அமிலங்கள், காரங்கள் பாடம் நடந்துகொண்டிருந்தது. "வீட்டில் நாம் பயன்படுத்தும் அமிலம் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டேன். எலுமிச்சை, புளி, மோர் என்று எதிர்பார்த்த பதில்கள் வரிசையாக வந்தன. கடைசி பெஞ்சிலிருந்த ஒரு மாணவி, "கக்கூஸ் கழுவுற ஆசிட் சார்" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "போன ஞாயித்துக்கிழமை எங்கம்மா ஆசிட் ஊத்தினாங்க. கறை போகலைன்னு அது மேலயே பிளீச்சிங் பவுடர் போட்டாங்க. ஒரே நெடி. ராத்திரி பூரா இருமிக்கிட்டே இருந்தாங்க சார்."

சிரிப்பு நின்றுவிட்டது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சமன்பாட்டை எழுதினேன். சலவைத்தூளுடன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்தால் கால்சியம் குளோரைடு, நீர், குளோரின் வாயு. அறிவியல் ஆசிரியர் யாருக்கும் இது மனப்பாடம். ஆனால் இந்த வினை நான்கடிக்கு நான்கடி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, குந்தி உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முகத்துக்கு நேர்கீழே நடக்கக்கூடும் என்று இத்தனை ஆண்டுகளில் ஒரு வகுப்பிலும் நான் சொன்னதில்லை. குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. மேலே எழும்பி ஜன்னல் வழியாகப் போய்விடாது. தரையை ஒட்டியே தங்கும். அந்த அம்மா குனிந்து தேய்த்துக்கொண்டிருந்த உயரம் அதுதான்.

அன்று மாலை கடைத்தெருவுக்குப் போய் மூன்று வகை டாய்லெட் பிரஷ் வாங்கினேன். ஒன்று தாங்கியுடன் வரும் உருண்டை பிரஷ். இன்னொன்று ஹாக்கி மட்டைபோல் வளைந்து, இருபுறமும் நார் உள்ளது. மூன்றாவது முறுக்குக் கம்பியில் நார் செருகியது. "மூணு எதுக்கு சார்?" என்றார் கடைக்காரர். "பாடம் நடத்த" என்றேன். நம்பிய மாதிரி தெரியவில்லை.

அடுத்த ஒரு வாரம் அந்த மூன்று பிரஷ்களை வைத்து நடத்திய பாடம்தான் இந்தக் கட்டுரை. இதில் நான் செய்த தவறுகளும் இருக்கின்றன. உங்கள் வகுப்பில் இதைச் செய்து பார்ப்பதாக இருந்தால் அவற்றைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

கைதூக்கச் சொல்லாதீர்கள்

முதல் தவறு முதல் ஐந்து நிமிடத்திலேயே நடந்தது. "உங்கள் வீட்டில் கழிப்பறையைக் கழுவுவது யார்? கை தூக்கிச் சொல்லுங்கள்" என்றேன். "அம்மா" என்று ஏறக்குறைய எல்லாக் கைகளும் எழுந்தன. "அதுக்குன்னு ஆளு வருவாங்க சார்" என்றான் ஒருவன். அப்போது ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பாட்டி எங்கள் பகுதியில் தூய்மைப் பணியாளர் என்பது எனக்கு அந்தக் கணத்தில்தான் நினைவுக்கு வந்தது. இன்னொரு மூலையில் இருவர் கையே தூக்கவில்லை. அவர்கள் வீட்டில் கழிப்பறை இல்லை என்பது பிறகு தெரிந்தது.

ஒரே கேள்வியில் மூன்று குழந்தைகளை வகுப்பின் நடுவில் நிறுத்திவிட்டேன். மறுநாள் அதே கேள்வியைப் பெயர் எழுதாத சீட்டுகளில் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னேன். "அம்மா", "அக்கா", "பாட்டி" என்றே பெரும்பாலும் வந்தது. ஒரு சீட்டில் "யாருமில்லை, மழை பெஞ்சா தானா கழுவும்" என்றிருந்தது. சீட்டுகளைப் படிக்கும்போது யாரையும் பார்க்காமல் படித்தேன். இந்தப் பாடத்தைச் சீட்டு முறையிலேயே தொடங்குங்கள்.

என்னைப் பற்றியும் ஒரு வரி எழுதிப் போட்டேன். நாற்பது வயது வரை நான் அந்த பிரஷைத் தொட்டதில்லை. மனைவிக்குக் கை எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தபோதுதான் தொட்டேன். முதல் நாளே தெறித்த நீர் என் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. இதைச் சொன்னதும் மாணவர்கள் மகிழ்ச்சியாகச் சிரித்தார்கள். குனிந்திருந்த தலையும் நிமிர்ந்தது.

நார் மிதக்குமா, மூழ்குமா

பிரஷைக் கையில் கொடுத்து "இது எதனால் ஆனது?" என்றால் "பிளாஸ்டிக்" என்பதோடு முடிந்துவிடும். ஒவ்வொரு பிரஷிலிருந்தும் இரண்டு நார்களை வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போடச் சொன்னேன். எல்லாம் மிதந்தன. "அப்ப எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார்கள். ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டு, குச்சியால் நார்களை உள்ளே அழுத்தி விடச் சொன்னேன். இப்போது ஒரு பிரஷின் நார் மட்டும் மெல்ல அடியில் போய்ப் படுத்தது. மற்றவை மீண்டும் மேலே வந்தன.

மூழ்கியது நைலான். அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.14 கிராம். மிதந்தது பாலிபுரோப்பிலீன், ஏறத்தாழ 0.9 கிராம். முதலில் நைலானும் மிதந்ததற்குக் காரணம் பரப்பு இழுவிசை. சோப்பு அதைக் குறைத்துவிட்டது. அடர்த்தி, பரப்பு இழுவிசை இரண்டையும் தனித்தனிப் பாடங்களாக எத்தனை முறை நடத்தியிருப்போம்! ஒரு நாரின் இரண்டு துண்டுகள் இரண்டையும் ஒரே பாடவேளையில் காட்டிவிட்டன.

நைலான் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது பல் துலக்கும் பிரஷின் நாராகத்தான், 1938இல். அதற்கு முன்பு பல் பிரஷ்களில் இருந்தது விலங்கு மயிர், குறிப்பாகப் பன்றி மயிர். "உவ்வே" என்றது வகுப்பு. நம் ஊரில் பிரஷ் வருவதற்கு முன்பு தென்னங்குச்சி விளக்குமாறும் தேங்காய் நாரும்தான் தேய்க்கப் பயன்பட்டன. பல வீடுகளில் இன்றும் தேய்ந்த விளக்குமாறுதான் கழிப்பறைக்குப் போகிறது. விளக்குமாற்றில் குறை ஒன்று உண்டு. ஈர்க்குகளுக்கிடையே நீர் தங்கிவிடும், சீக்கிரம் காயாது. வளைவுக்குள்ளும் நுழையாது.

எந்த பிரஷ் எதற்கு என்பதையும் மாணவர்களே கண்டுபிடித்தார்கள். உருண்டை பிரஷ் மேலைநாட்டு வகைக் கோப்பைக்காகச் செய்யப்பட்டது. நம் வீடுகளில் தரையோடு பதித்திருக்கும் நீளமான பீங்கானில் அதன் உருண்டைத் தலை ஒரு புள்ளியில்தான் படும். ஹாக்கி மட்டை வடிவம் பக்கவாட்டிலும் உள்விளிம்பின் அடியிலும் படுகிறது. கம்பி பிரஷ் விலை குறைவு. ஆனால் நார் உதிர்ந்த பிறகு துருப்பிடித்த கம்பி முனை பீங்கானின் பளபளப்பான மேற்பூச்சைக் கீறிவிடும். கீறல் விழுந்த இடத்தில்தான் கறை முதலில் ஏறும்.

தெறிப்பை அளந்தோம்

வாரத்திலேயே மாணவர்களுக்கு மிகவும் பிடித்த சோதனை இது. மைதானத்து மர நிழலில் பழைய நாளிதழ்களை விரித்தோம். வாளித் தண்ணீரில் நீல மை கலந்து, புதிய பிரஷை அதில் நனைத்தோம். இதற்குப் புதிய பிரஷ் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. முதல் முறை வாளியின் விளிம்பில் பிரஷை 'டப்டப்' என்று தட்டினோம், வீட்டில் பலரும் செய்வது போல. அடுத்த முறை பிரஷை வாளிக்குள்ளேயே மெதுவாக உயர்த்தி, பத்து எண்ணும் வரை அசையாமல் பிடித்து, நீர் வடிந்த பிறகு வெளியே எடுத்தோம்.

முதல் முறையில் புள்ளிகள் நாளிதழின் விளிம்பையும் தாண்டின. ஒன்று என் சட்டைப் பையில் விழுந்தது. இரண்டாம் முறையில் வாளியை ஒட்டி ஐந்தாறு சொட்டுகள்தாம். மாணவர்கள் அளவுகோலால் தூரத்தை அளந்து அட்டவணை போட்டார்கள்.

ஏன் இப்படி? நார் வளையும்போது அதில் மீட்சி ஆற்றல் சேர்கிறது. விளிம்பை விட்டு விடுபடும் நொடியில் அந்த ஆற்றல் இயக்க ஆற்றலாகி நுனியிலிருக்கும் சொட்டை வீசி எறிகிறது. உண்டிவில்லும் இதுவும் ஒன்றே என்று ஒரு மாணவன் சொன்னான். நான் சொல்லத் தயாராக வைத்திருந்த உதாரணத்தைவிட அது நன்றாக இருந்தது.

கழிப்பறையில் அந்தச் சொட்டில் இருப்பது மை அல்ல. மலத்திலிருந்து வரும் பாக்டீரியாக்களும் வைரஸ்களும் குடற்புழு முட்டைகளும் அதில் இருக்கலாம். தட்டாமல் இருப்பது, விரைந்து இழுக்காமல் இருப்பது, தேய்க்கும்போது நாரை முழுதாக மடங்கும்படி அழுத்தாமல் இருப்பது ஆகிய மூன்றும் இந்தச் சோதனையிலிருந்து மாணவர்களே எழுதிய விதிகள். மேலைநாட்டுக் கோப்பை உள்ள வீடுகளில் மூடியை மூடிவிட்டு நீரை இறக்கலாம் என்பதை நான் சேர்த்தேன்.

ஆசிட் எதற்கு, பிரஷ் எதற்கு

சுண்ணாம்புப் படிவும் அமிலமும் வினைபுரிவதைக் காட்ட முதலில் சாக்பீஸ் துண்டின் மேல் வினிகர் விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மாணவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். இன்று பள்ளிகளில் கிடைக்கும் சாக்பீஸ்களில் பெரும்பாலானவை ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். கார்பனேட் இல்லையென்றால் நுரை எங்கிருந்து வரும்? சத்துணவுக் கூடத்திலிருந்து முட்டை ஓடு வாங்கி வரச் சொன்னேன். ஓட்டின் மேல் வினிகர் விட்டதும் குமிழ்கள் கிளம்பின. சாக்பீஸை நம்பி யாரும் ஏமாற வேண்டாம்.

போர்வெல் தண்ணீர் உள்ள ஊர்களில் பீங்கானில் படியும் வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டும் மக்னீசிய உப்புகளும். தண்ணீரில் இரும்பு இருந்தால் அது பழுப்பாக மாறும். நீர் வற்ற வற்ற இது ஒரு மெல்லிய படலமாக ஏறுகிறது. படலம் புதிதாக இருக்கும்போது பிரஷும் தண்ணீரும் போதும். ஒரு மாதம் விட்டுவிட்டால் அது கல்லாகிவிடும். அப்போது பிரஷ் தோற்றுப்போகும், ஆசிட் பாட்டில் வெளியே வரும். கழிப்பறை சுத்தம் செய்யும் திரவங்கள் பலவற்றிலும் இருப்பது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். லேபிளைக் கொண்டுவரச் சொல்லி வகுப்பில் வாசிக்கச் செய்தேன். பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லவில்லை. லேபிளை எழுதி வந்தால் போதும் என்றேன்.

தினமும் ஒரு நிமிடம் பிரஷ் போட்டால் ஆசிட் அரிதாகத்தான் தேவைப்படும். இந்த வாரம் முழுவதிலும் நான் மீண்டும் மீண்டும் சொன்னது இதைத்தான். ஆசிட்டை அடிக்கடி ஊற்றினால் வேறு சில இழப்புகளும் உண்டு. சிமென்ட் தரையும் மொசைக்கும் அமிலத்தில் கரைந்து சொரசொரப்பாகும். சொரசொரப்பான தரையில் அழுக்கு இன்னும் எளிதாகப் பிடிக்கும். கழிவுநீர்த் தொட்டியிலும் உறிஞ்சு குழியிலும் மலத்தை மட்கச் செய்வது நுண்ணுயிரிகள். ஆசிட்டும் பினாயிலும் அளவுக்கு மிஞ்சி உள்ளே போனால் அவற்றின் வேலை கெடும், தொட்டி சீக்கிரம் நிரம்பும். தொட்டிக்குள் மனிதரைத் தகுந்த பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இருந்தும் உயிரிழப்புச் செய்திகள் நின்றபாடில்லை. வீட்டில் பாட்டிலைச் சாய்க்கும் கைக்கும் அந்தத் தொட்டிக்கும் தொடர்பு இருக்கிறது என்பதை எட்டாம் வகுப்பில் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

இனி அந்த மாணவியின் அம்மாவுக்கு நேர்ந்தது. அமிலத்தையும் சலவைத்தூளையும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்கக் கூடாது. 'ஆசிட்' என்று எழுதிய பாட்டில் மட்டுமல்ல, வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூட அமிலமே. அவையும் சலவைத்தூளிலிருந்து குளோரினை வெளியேற்றும். சிறுநீர் தேங்கிய இடத்தில் நீர் ஊற்றாமல் சலவைத்தூள் தூவினால் அதிலுள்ள அம்மோனியாவுடன் சேர்ந்து குளோரமைன் என்ற எரிச்சலூட்டும் வாயு உண்டாகும். பலரும் கவனிக்காத இடம் பிரஷ் தாங்கி. நேற்று சலவைத்தூள் போட்டுத் தேய்த்த பிரஷை அலசாமல் தாங்கியில் வைத்து, இன்று ஆசிட் போட்டுத் தேய்த்துவிட்டு அதே தாங்கியில் வைத்தால் கலப்பு அங்கேயே நடந்துவிடும். வீட்டில் ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

தவறிக் கலந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் நாடகமாக நடத்திப் பார்த்தோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு உடனே வெளியே வர வேண்டும். கதவைத் திறந்து விட வேண்டும். தண்ணீர் ஊற்றுகிறேன் என்று திரும்ப உள்ளே போகக் கூடாது. கண் எரிந்தால் ஓடும் நீரில் பதினைந்து நிமிடமாவது கழுவ வேண்டும். இருமல் நிற்கவில்லை என்றாலோ மூச்சு இரைத்தாலோ 108. குளோரினை உள்ளிழுத்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரலாம் என்பதால், "இப்ப பரவாயில்ல" என்று சொன்னாலும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். நாடகத்தில் அம்மாவாக நடித்தவன் ஒரு பையன். "நான் உள்ள போக மாட்டேன், நீ 108க்குப் போடு" என்று அவன் சொந்தமாகச் சேர்த்த வசனத்துக்குக் கைதட்டல் கிடைத்தது.

தேய்க்கும் முறை, பிரஷைக் காக்கும் முறை

இதில் பெரிய அறிவியல் ஒன்றுமில்லை, வரிசைதான் முக்கியம். முதலில் ஒரு குவளை நீர் ஊற்றிப் பீங்கானை நனைக்க வேண்டும். திரவம் போடுவதாக இருந்தால் கையுறை அணிந்து, உள்விளிம்பின் அடியிலிருந்து சுற்றிவர விட்டு, லேபிளில் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். வேதிவினைக்கு நேரம் வேண்டும். பொறுமையில்லாதவர்கள்தாம் இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறார்கள், இல்லையென்றால் இன்னொன்றைக் கலக்கிறார்கள். பிறகு மேலிருந்து கீழாகத் தேய்த்து, கடைசியில் வளைவுக்குள் பிரஷைச் செலுத்தி முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது வளைவில் நிற்கும் நீர் கொஞ்சம் தள்ளப்பட்டுவிடும். அந்த நீர்தான் தொட்டியிலிருந்து நாற்றமும் கொசுவும் மேலே வராமல் அடைத்து நிற்பது. எனவே முடிவில் நீர் ஊற்றி அதை மீண்டும் நிரப்ப வேண்டும். ஒளிபுகும் குழாய்த் துண்டு ஒன்றை வளைத்துக் கட்டி நீர் ஊற்றிக் காட்டினால் இந்த நீரடைப்பு நன்றாகப் புரியும்.

அந்தக் கடைசி நீரைப் பிரஷின் மேலேயே, பீங்கானுக்குள் பிடித்தபடி ஊற்றினால் பிரஷும் அலசப்பட்டுவிடும். பத்து எண்ணும் வரை வடிய விட வேண்டும்.

இதன் பிறகு பெரும்பாலான வீடுகளில் நடப்பது, ஈர பிரஷை அப்படியே தாங்கிக்குள் செருகிவிடுவது. இரண்டு புதிய பிரஷ்களைச் சம அளவு நனைத்து, ஒன்றைத் தாங்கியிலும் இன்னொன்றை ஆணியில் தொங்கவிட்டும் வைத்தோம். மறுநாள் காலை ஒரு தாளால் ஒற்றிப் பார்த்தோம். தொங்கியது உலர்ந்திருந்தது. தாங்கியில் இருந்த பிரஷின் அடியில் நீர் நின்றது. நுண்ணுயிரிகளுக்கு ஈரம்தான் வேண்டும். தேங்கிய நீர் கொசு முட்டையிடவும் போதும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பெரிய குளம் தேவையில்லை, சிறு பாத்திர நீர் போதும் என்று ஆண்டுதோறும் நாம் உறுதிமொழி எடுக்க வைக்கிறோம். பிரஷ் தாங்கியை அந்தப் பட்டியலில் ஒருவரும் சொன்னதில்லை. தாங்கி வேண்டுமென்றால் அடியில் துளை உள்ளதாக இருக்கட்டும், வாரம் ஒருமுறை கவிழ்த்துக் கழுவட்டும். என் வீட்டில் தாங்கியை எடுத்துவிட்டு ஆணி அடித்துவிட்டேன்.

வாரம் ஒருமுறை பழைய வாளி ஒன்றில் சூடான நீரும் துணி சோப்புத் தூளும் கலந்து பிரஷை அரை மணி நேரம் ஊறவைத்து அலசி, காலை வெயிலில் காய வைத்தால் போதும். அந்த வாளியைக் குளிக்கவோ துணி துவைக்கவோ திரும்ப எடுக்கக் கூடாது. கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைக்கலாம் என்றாள் ஒரு மாணவி. வெயில் நல்லதுதானே என்று நாள் முழுதும் மொட்டை மாடியில் போட்டுவிடவும் கூடாது. புறஊதாக் கதிர்களால் பாலிபுரோப்பிலீன் நைந்து, நார் ஒடியத் தொடங்கும். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் குடம் கையில் எடுத்தால் உடைவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

நார்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து விரிந்துவிட்டால், உதிரத் தொடங்கினால், அலசிக் காயவைத்த பிறகும் நாற்றம் அடித்தால் பிரஷை மாற்ற வேண்டும். ஆறு மாதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் மாதக்கணக்கைவிட நாரைத்தான் பார்ப்பேன். பழையதை அப்படியே குப்பையில் எறியாமல் செய்தித்தாளில் சுற்றிக் கட்டி, தூய்மைப் பணியாளரிடம் இது இன்னதென்று சொல்லிக் கொடுக்க வேண்டும். தரம் பிரிக்கும்போது அவர் கைதான் அதன் மேல் படும்.

எல்லாம் முடிந்தபின் சோப்புப் போட்டு இருபது நொடி கை கழுவுதல். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இந்த ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பிரஷையும் வேதிப்பொருள்களையும் ஐந்தாம் வகுப்பு வரை கொண்டுபோக வேண்டாம் என்பது என் கருத்து. 'அந்தப் பாட்டிலைத் தொடக் கூடாது' என்ற அளவு போதும்.

வாசலில் வந்து நின்ற தந்தை

வியாழக்கிழமை காலை இறைவணக்கக் கூட்டம் முடிந்ததும் ஒரு தந்தை வந்து நின்றார். "என் பையனைக் கக்கூஸ் கழுவச் சொன்னீங்களாமே?" குரல் உயர்ந்திருந்தது. தலைமையாசிரியர் எழுந்து வந்துவிட்டார்.

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவர் கோபம் நியாயமானது. மாணவர்களைப் பள்ளிக் கழிப்பறை கழுவ வைத்த செய்திகளை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். அப்படி அனுப்பப்பட்டது எந்தக் குழந்தைகள் என்பதையும் சேர்த்தே படித்திருக்கிறோம். கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. தண்டனையாகவோ, 'பழக்கம்' என்ற பெயரிலோ, ஒரு குறிப்பிட்ட குழந்தையை மட்டுமோ பள்ளிக் கழிப்பறைக்கு அனுப்புவது எந்த விதத்திலும் கற்பித்தல் ஆகாது. இந்தப் பாடம் மரத்தடியிலும் ஆய்வக மேசையிலும் புதிய பிரஷைக் கொண்டு மட்டுமே நடக்கலாம். வீட்டில் செய்துவா என்று கட்டாய வீட்டுப்பாடமாகவும் கொடுக்கக் கூடாது. ஆசிட் பாட்டிலைக் கையில் எடுக்கும் வயது எட்டாம் வகுப்பு அல்ல.

இதையெல்லாம் அவரிடம் விளக்கிவிட்டு மகனின் குறிப்பேட்டைக் காட்டினேன். நீல மைப் புள்ளிகளின் அட்டவணை, முட்டை ஓட்டுச் சோதனை, சலவைத்தூள் சமன்பாடு. சமன்பாடு அவருக்குப் புரியவில்லை. மகன் தமிழில் படித்துச் சொன்னான். "ரெண்டையும் கலந்தா விஷக்காத்து வரும்பா." அவர் சற்று நேரம் பேசவில்லை. "நாங்க எப்பவும் அப்படித்தான் சார் போடுவோம். ரெண்டும் போட்டாத்தான் வெள்ளையாகும்னு கடையில சொன்னாங்க" என்றார். போகும்போது, "சொல்லிக் குடுங்க சார். ஆனா முன்னாடியே எங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யுங்க" என்றார்.

இது என் இரண்டாவது தவறு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் சொன்னேன். வந்திருந்தவர்களில் அம்மாக்களே அதிகம். சலவைத்தூள் விஷயத்தைச் சொன்னபோது கண் எரிந்த கதை, தலை சுற்றிய கதை என்று ஐந்தாறு பேர் பேசினார்கள். அதுவரை யாரும் அதை ஒரு விபத்தாக நினைத்ததே இல்லை. அந்த வேலையில் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தார்கள்.

'அது யார் வேலை' என்ற கேள்வி வகுப்பில் மீண்டும் வந்தபோது 1901ஆம் ஆண்டு கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டைச் சொன்னேன். அங்கே கழிப்பிடங்களின் நிலையைக் காந்தி தொண்டர்களிடம் சுட்டிக்காட்டியபோது, அது தங்கள் வேலையல்ல என்று அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். அவர் ஒரு துடைப்பத்தைத் தேடி வாங்கித் தாமே கழுவினார். 'சத்திய சோதனை'யில் இது வருகிறது. "அப்புறம் மத்தவங்களும் கழுவினாங்களா சார்?" என்றான் ஒருவன். இல்லை, அவர் தமக்கு வேண்டிய அளவு மட்டுமே கழுவ முடிந்தது, மற்றவர்கள் அப்படியே இருந்தார்கள் என்றேன். அந்தப் பதில் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் பிடித்ததில்லை.

எங்கள் பள்ளி அக்கா

வெள்ளிக்கிழமை மாணவர்கள் கேட்டார்கள். "நம்ம ஸ்கூல் டாய்லெட் கழுவுற அக்கா எந்த பிரஷ் சார் வச்சிருக்காங்க?" தெரியவில்லை. அவரையே வகுப்புக்கு அழைத்தோம். நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேட்டோம். அவரிடம் இருந்தது ஒரு முழ நீளப் பிடியுள்ள பழைய பிரஷ், நாரில் பாதி போயிருந்தது. ஆறு பீங்கானும் குனிந்தே கழுவுகிறார். கையுறை உண்டா என்றால், "குடுத்தாங்க, பெருசா இருக்கு, வழுக்குது, அதனால போடறதில்ல" என்றார்.

பிடியின் நீளத்தை எவ்வளவு வைத்தால் அவர் குனிய வேண்டியிருக்காது என்று மாணவர்கள் அவர் உயரத்தை அளந்து வரைந்து பார்த்தார்கள். உருண்டை பிரஷ், ஹாக்கி பிரஷ் இரண்டையும் அவர் கையில் பிடித்துப் பார்த்து ஹாக்கி பிரஷைத் தேர்ந்தெடுத்தார். "இது ஓரத்துல போகும்" என்றார், நாங்கள் மூன்று நாள் சோதித்துக் கண்டதை ஒரே பார்வையில். நீளப் பிடியுள்ள அதே வடிவம் மாவட்டத் தலைநகரில்தான் கிடைத்தது. ஆசிட்டையும் சலவைத்தூளையும் வெவ்வேறு நாள்களுக்குக்கூட ஒன்றாக வைக்க வேண்டாம் என்று பேசி, பள்ளியில் திரவம் மட்டும் போதும் என முடிவு செய்தோம். கையுறை நடுத்தர அளவு வாங்கினேன். அதுவும் அவருக்குப் பெரிதாக இருந்தது. கடைக்காரரிடம் மாற்றக் கொடுத்திருக்கிறேன், சிறிய அளவு அடுத்த வாரம் வரும் என்கிறார்.